சங்கத்துக்குக் காசு யார் தருவது: ஒன்றியமா, வெள்ளவத்தைக் கடைகளா?

கேள்வி · 2025 ஜூலை 5, சனி

கொழும்பில் ஓர் அரச பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். தமிழ்ச் சங்கத்துக்கு இந்த முறை நான்தான் இளம் பொருளாளர். ஆண்டு மலருக்கும் கலைவிழாவுக்கும் சேர்த்து ஆறு இலட்சம் வேண்டும். மாணவர் ஒன்றியத்திடம் கேட்டால் சிரிக்கிறார்கள். வெளிநாட்டில் ஒன்றியம்தான் சங்கங்களுக்குக் காசு பிரித்துக் கொடுக்கிறதாம். நாங்கள் மட்டும் ஏன் வெள்ளவத்தையில், காலி வீதியில் கடை கடையாக ஏற வேண்டும்? வெட்கமாக இருக்கிறது. ஒன்றியம் தருவதுதானே முறை?

2025 ஜூலை 6, ஞாயிறு காலை

தம்பி, ஒன்றியத்திடம் காசு இருக்கிறது என்று யார் சொன்னது?

நானும் 2012இல் இளம் பொருளாளர். அதே காலி வீதி, அதே பற்றுச்சீட்டுப் புத்தகம். இப்போது கணக்காய்வு வேலை செய்கிறேன், அதனால் காசு கேட்டவனாகவும் கணக்குக் கேட்பவனாகவும் இரண்டு பக்கத்திலும் நின்று கதைக்கலாம்.

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தில் மாணவர் ஒன்றியத்துக்கு இடம் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, பீடத்துக்கு ஒன்று, இவை தவிர அங்கீகாரம் பெற்ற சங்கங்கள். விரிவுரையாளர் ஒருவர் பெரும் பொருளாளராக இருந்து காசைப் பார்த்துக்கொள்வார். ஆக சட்டத்தில் பெட்டி இருக்கிறது, பூட்டு இருக்கிறது, சாவி வைத்திருக்க ஆளும் இருக்கிறார். பெட்டிக்குள் காசு எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி. இங்கே படிப்பு இலவசம். மாணவன் கட்டணம் கட்டினால்தானே அதில் ஒரு பங்கை ஒன்றியத்துக்கு ஒதுக்கலாம்? நான் பதிவு செய்த அன்று கட்டிய சில்லறைத் தொகைகளில் ஒன்றியத்துக்கு என்று ஒரு வரி இருந்தது நினைவு. அந்தத் தொகைக்குக் கன்டீனில் இரண்டு ரோல்ஸும் ஒரு தேத்தண்ணியும் வரும்.

எங்கள் வருடச் செலவு 240,000 ரூபாய். விளம்பரத்தில் சேர்ந்தது போக 18,000 துண்டு விழுந்தது. மகாபொலப் புலமைப்பரிசில் மாதம் 2,500 ரூபாயாக இருந்த காலம். அதை நான் என் மகாபொலக் காசிலிருந்து கட்டி முடித்தேன். ஏழு மாதக் காசு. அம்மா அப்பாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

ஜூலை 6, இரவு

வெளிநாட்டுக் கதைக்கு வருகிறேன். நீங்கள் சொல்வது பாதி சரி. அங்கே காசு வானத்திலிருந்து விழுவதில்லை, மாணவனே கட்டுகிறான். அவுஸ்திரேலியாவில் மாணவர் சேவைக் கட்டணம் என்று ஒன்று தனியாக அறவிடுகிறார்கள். 2025இல் அதன் உச்ச வரம்பு 365 அவுஸ்திரேலிய டொலர். அதில் குறைந்தது 40 சதவீதம் மாணவர்களே நடத்தும் அமைப்புகளுக்குப் போக வேண்டும் என்பது 2025 ஜனவரியில் வந்த விதி. கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது.

ஆனால் அதே நாட்டில் 2006இல் கட்டாய ஒன்றியக் கட்டணத்தை ஒழித்தார்கள். பல சங்கங்கள் படுத்துவிட்டன. ஆறு வருடம் கழித்து வேறு பெயரில் கொண்டுவந்தார்கள்.

என் மச்சாள் ஒருத்தி ரொறன்ரோவில் படித்தாள். ஒன்ராறியோவில் 2019இல் மாகாண அரசு, விளையாட்டு, சுகாதாரம் போன்றவற்றுக்கான கட்டணம் கட்டாயம், சங்கங்களுக்கும் மாணவர் பத்திரிகைக்கும் விரும்பியவர் கட்டலாம் என்றது. திரையில் ஒரு பெட்டியில் சரி போட்டால் கட்டணம் குறையும். சரி போடாமல் விடுவானா மாணவன்? அவளும் போட்டாள். போட்டுவிட்டு, தமிழ் மாணவர் சங்கத்துப் பொங்கல் விழாவில் இந்த முறை ஏன் சாப்பாடு இல்லை என்று என்னிடம் குறைபட்டாள். அந்த வருட நவம்பரிலேயே நீதிமன்றம் அந்தத் திட்டம் செல்லாது என்றது. அரசின் மேன்முறையீடும் 2021இல் தோற்றது.

ஜூலை 7

திருத்தம். அவுஸ்திரேலியாவில் கட்டாயக் கட்டணத்தை ஒழித்த சட்டம் நிறைவேறியது 2005 டிசம்பரில், நடைமுறைக்கு வந்ததுதான் 2006 ஜூலை. திரும்பக் கொண்டுவந்த சட்டம் 2011, அறவிடத் தொடங்கியது 2012. அப்போது வரம்பு 263 டொலர். மெல்பேர்னில் இருக்கும் நண்பன் திருத்தியனுப்பினான். "கணக்காய்வாளன் ஆண்டையே பிழையாகப் போடுறான்" என்று ஒரு வரியும் சேர்த்திருந்தான்.

ஜூலை 10, போயா (பௌர்ணமி) விடுமுறை

இன்று வேலை இல்லை. வெட்கம் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் பற்றி.

2012 ஜூன். வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடை. நாங்கள் நாலு பேர். முதலாளி யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்து ஆள், அறுபது வயது இருக்கும். காசு மேசைக்குப் பக்கத்தில் இரண்டு முக்காலி, அதில் பெண் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள், நாங்கள் இருவரும் நின்றோம். அவர் எங்களைப் பார்க்கவேயில்லை. சேலை வெட்டுகிறார், போனில் கதைக்கிறார், பெடியனை ஏசுகிறார். ஒன்றரை மணித்தியாலம். எழுந்து போகவும் முடியாது, ஏனென்றால் இடையில் பிளேன்டீ வந்துவிட்டது. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து போக எந்த முகம்?

பிறகு நிமிர்ந்து, "எந்த ஊர் பிள்ளையள்?" என்றார். விளம்பர விலைப் பட்டியலை நீட்டினேன், பார்க்கவில்லை. முழுப்பக்கம் 7,500, அரை 4,000, கால் 2,500, பின்னட்டை 25,000. அவருக்கு அது தேவையில்லை. ஊர்தான் விலைப் பட்டியல். எனக்குக் கொழும்பு என்றதும் "அப்பா ஆர், அப்பப்பா ஆர்" என்று தோண்டி, கடைசியில் என் பெரியம்மாவின் கணவரில் வந்து நின்றார். அரைப்பக்கம். எங்களில் ஒருத்தி மலையகம், ஹட்டன். அவளிடம் "ஓ, அந்தப் பக்கமா" என்றதோடு சரி. அதே பிள்ளைதான் அடுத்த வாரம் செட்டியார் தெருவில் நகைக் கடைகளில் ஏறி ஒரே நாளில் பின்னட்டையும் மூன்று முழுப்பக்கமும் பிடித்துக்கொண்டு வந்தாள். எப்படி என்று கேட்டேன். "ஊர் கேக்க முன்னமே நான் கேட்டுட்டன்" என்றாள்.

முதலாளி நாலு ஆயிரம் ரூபாய்த் தாள்களை எடுத்து இரண்டு தரம் எண்ணினார். நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்: "போன வருசமும் காசு தந்தனான். புத்தகம் காணேல்லையே?"

எங்களுக்குத் தெரியாது. போன வருடக் குழுவின் வேலை அது. இந்த முறை கட்டாயம் கொண்டுவந்து தருவோம் ஐயா என்றோம். சேலைக்கு வைக்கும் அட்டையில் விளம்பர வாசகத்தை அவரே எழுதித் தந்தார்: தீபாவளி நல்வாழ்த்துக்கள், கடைப் பெயர், போன் நம்பர்.

உங்களுக்கு வெட்கமாக இருப்பது கையேந்துவதால். எனக்கு வெட்கம் அந்தக் கேள்வியால். அவர் காசு தந்தார், ஆகவே கணக்குக் கேட்டார். எங்கள் உறுப்பினர் ஒருவர்கூட அந்த வருடம் முழுக்க என்னிடம் கணக்குக் கேட்கவில்லை. அவர்கள் தந்தது ஆளுக்கு 100 ரூபாய் சந்தா, அதுவும் பாதிப் பேர் தரவில்லை.

ஜூலை 11

தீபாவளி வாழ்த்துப் போட்ட அந்த மலர் எப்போது வந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறீர்கள்.

2012 ஜூலை 4 பல்கலைக்கழக ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதம் கல்விக்கு என்ற அந்தப் பெரிய போராட்டம். நாங்களும் ஆறு சதவீதம் என்று எழுதிய பட்டி கட்டிக்கொண்டு ஊர்வலம் போனோம். கலைவிழா ஆகஸ்டில். அச்சகம் முற்பணம் கேட்கிறது. வங்கிக் கணக்கில் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் இருக்கிறது. காசோலையில் இரண்டு கையொப்பம் வேண்டும், ஒன்று என்னுடையது, மற்றது பெரும் பொருளாளருடையது. எங்கள் விரிவுரையாளர் சேரோ வேலைநிறுத்தத்தில்.

வீட்டுக்கே போனோம். நல்ல மனிதர், வடை எல்லாம் தந்தார். காசோலைப் புத்தகத்தை நீட்டியதும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, கையெழுத்தும் வேலைதான்."

அவரைப் பிழை சொல்ல முடியாது. அவர்களின் போராட்டத்துக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்களே நாங்கள்தான். ஆகஸ்டில் அரசாங்கம் பல்கலைக்கழகங்களையே மூடியது. ஒக்டோபர் நடுவில்தான் வேலைநிறுத்தம் முடிந்தது. தீபாவளி நவம்பர் 13. மலர் அச்சிலிருந்து வந்தது பொங்கலுக்கு நாலு நாள் முன்பு. புத்தகத்தைப் புரட்டினால் பதினொரு கடைகள் தீபாவளி வாழ்த்துச் சொல்கின்றன.

முதலாளிக்குப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்தோமா என்று அடுத்த கேள்வி வரும். இல்லை. எந்த முகத்தோடு போவது?

ஜூலை 13, ஞாயிறு

நேற்று இரவு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பல்கலைக்கழகத்தில் பத்தாயிரம் மாணவர் என்று வைப்போம். வருடத்துக்கு ஆளுக்கு 500 ரூபாய். ஐம்பது இலட்சம்! 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொலவை 5,000இலிருந்து 7,500 ஆக்கியிருக்கிறார்கள், ஆக 500 கேட்டால் யாரும் செத்துப்போக மாட்டார்கள். (முதல் குறிப்பில் இலவசக் கல்வி என்று பெரிதாகச் சொன்னவனே இதையும் சொல்கிறேன். தெரியும்.) மகாபொலவும் இல்லாத பிள்ளைக்கு விலக்கு. ஒன்றியம் பிரித்துக் கொடுக்கட்டும். தம்பி சொன்னது சரிதான் போல என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

விடிய எழும்பியதும் பயம் வந்தது. பிரிப்பது யார்?

எங்கள் வகுப்பில் நூறு பேரில் தமிழ் பேசுகிறவர்கள் பன்னிரண்டு பேர். ஒன்றியத் தேர்தலில் நாங்கள் எப்போதும் யாரோ ஒருவரின் பட்டியலில் கடைசிப் பெயர். ஐம்பது இலட்சத்தைக் கை உயர்த்திப் பிரித்தால் எங்களுக்கு எத்தனை வரும்? தமிழ்ச் சங்கம் மட்டுமா, முஸ்லிம் மஜ்லிஸ், கத்தோலிக்க மாணவர் அமைப்பு, பத்துப் பேர் சேர்ந்து நடத்தும் நாடகக் குழு, எல்லோருக்கும் இதே பாடுதான். என் 500 ரூபாயை என்னிடம் கட்டாயமாக வாங்கி, என்னால் ஒருநாளும் வெல்ல முடியாத ஒரு வாக்கெடுப்பில் வைத்துப் பிரிப்பார்கள். அதைவிடப் புடைவைக் கடை முக்காலி மேல்.

இதே வழக்கு அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் சவுத்வேர்த் என்ற சட்ட மாணவரும் சிலரும், எங்களுக்குப் பிடிக்காத அமைப்புகளுக்கு எங்கள் காசு ஏன் போக வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். அப்போது அங்கே கட்டணம் வருடத்துக்கு 331 டொலர் 50 சதம். 2000 மார்ச்சில் தீர்ப்பு, நீதிபதிகள் எல்லோரும் ஒரே முடிவு: கட்டாயமாக அறவிடலாம், ஆனால் பிரிக்கும்போது அந்தச் சங்கம் என்ன கருத்துச் சொல்கிறது என்று பார்க்கக் கூடாது. எல்லோருக்கும் ஒரே அளவுகோல்.

எனக்கு அதில் பிடித்தது ஒரு சின்ன இடம். அங்கே மாணவர் வாக்கெடுப்பு நடத்தி ஒரு சங்கத்துக்குக் காசு கொடுக்கவோ நிறுத்தவோ வழி இருந்தது. அந்த இடத்தில் நீதிமன்றம் தயங்கியது. பெரும்பான்மை விருப்பத்தை அளவுகோலாக வைத்தால் சிறுபான்மைக் கருத்துக்குக் கொடுத்த பாதுகாப்பு எங்கே என்று கேட்டு, அந்தப் பகுதியைத் திரும்ப ஆராயக் கீழ் நீதிமன்றத்துக்கு அனுப்பியது.

வாசித்துவிட்டு இரண்டாம் தரமும் வாசித்தேன். விஸ்கொன்சின் எங்கே, கொழும்புத் திம்பிரிகஸ்யாய எங்கே. ஆனால் கேள்வி எங்களுடையது. கட்டணம் எவ்வளவு என்பதை விடுங்கள், பிரிக்கும் விதி என்ன என்று முதலில் எழுதி வைத்தால் நான் 500 தருவேன். ஆயிரம் என்றாலும் தருவேன்.

ஜூலை 14

என்னை "ஒன்றியத்தின் ஆள்" என்று ஒருவரும் "ஒன்றிய விரோதி" என்று இன்னொருவரும் தனிச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். இருவரும் ஒருவரோடு ஒருவர் கதைத்துக்கொள்ளலாமே.

ஜூலை 19, சனி

ஒன்றியம் எதுவும் தராது என்ற தொனியில் எழுதிவிட்டேன். யோசித்துப் பார்த்தால் அது நியாயமில்லை.

காசு தரவில்லை, ஆள் தந்தார்கள். கலைவிழாவுக்கு முதல் நாள் இரவு மேடைத் தட்டுகளை இறக்க லொறியோடு பதினைந்து பேர் வந்தார்கள். ஒருவனுக்கும் தமிழ் தெரியாது. ஒலிபெருக்கிச் சாமான் அவர்களுடையது. மண்டபத்துக்குத் தாமதக் கட்டணம் வந்தபோது, ஒன்றியத் தலைவர் நிர்வாகக் கட்டடத்துக்குப் போய் நின்று கத்தி அதை நீக்கித் தந்தார். இதையெல்லாம் காசாக்கினால் என் கணக்கு அறிக்கையில் ஐம்பதாயிரத்துக்கு மேல் "வரவு" என்று எழுதியிருக்க வேண்டும். நான் எழுதவில்லை. எழுதத் தெரியவில்லை.

சும்மா தந்தார்களா? அதுவும் இல்லை. அடுத்த கிழமை கொழும்புக் கோட்டையில் ஒரு ஆர்ப்பாட்டம், சங்கத்திலிருந்து இருபது பேர் வர வேண்டும் என்றார்கள். போனோம். பதாகையில் என்ன எழுதியிருந்தது என்று பாதிப் பேருக்குத் தெரியாது. திரும்பி வரும் வழியில் கன்டீனில் ஒருத்தி சொன்னாள், "கடைக்காரருக்கு அரைப்பக்கம் குடுத்தம், இவையளுக்கு இருபது பேர் குடுத்தம்."

ஒன்றியமும் தன் செலவுக்கு உண்டியல் குலுக்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கோட்டை ரயில் நிலையத்திலும் பஸ்ஸுக்குள்ளும் தகர டப்பாவோடு நிற்கிற பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் காலி வீதியில் ஏறுகிறீர்கள், அவர்கள் 138 பஸ்ஸில் ஏறுகிறார்கள். அவர்களிடம் போய் ஆறு இலட்சம் கேட்டால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

எங்கள் காலத்தில் கணக்கு ஒழுங்காக வைத்திருந்தது மஜ்லிஸ்தான். இப்தாருக்கு ஒருவர் அரிசி தருவார், ஒருவர் இறைச்சி, ஒருவர் காசு. எது எதற்கு வந்ததோ அதற்கு மட்டும். அவர்களின் பொருளாளர் ஒரு கொப்பியில் மூன்று நிற மையில் எழுதுவான். இன்று அவனும் கணக்காளன், என்னைவிட இரண்டு படி மேலே.

ஜூலை 26

பெரிய திருத்தம். நானாக எழுதவில்லை, எழுதவைக்கப்பட்டேன்.

முதல் குறிப்பை யாரோ எங்கள் பட்ச் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். ஹட்டன்காரி இப்போது கண்டியில் ஆசிரியை. ஒரு படம் அனுப்பினாள். 2013 பெப்ரவரிக் கூட்டறிக்கை, என் கையெழுத்தில். துண்டு விழுந்த 18,000இல் நான் போட்டது 6,000. மிச்சம் நாலு பேர் ஆளுக்கு 3,000. அவளும் ஒருத்தி. அதன் கீழே ஒரு வரிதான்: "ஏழு மாத மகாபொல எண்டு சொல்லி அழுதியே, கண்ணைத் துடை."

பன்னிரண்டு வருடமாக அந்தப் 18,000ஐ நான் தனியாகக் கட்டினேன் என்று நானே நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். திருமணத்துக்கு முன்பே மனைவியிடம் சொன்ன கதைகளில் இதுவும் ஒன்று. இப்போது அவளும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டாள்.

தம்பி, கூட்டறிக்கையைப் பத்திரமாக வையுங்கள்.

ஆகஸ்ட் 2

கேட்டவர் தனியாக எழுதியிருந்தார், "கதை நல்லாயிருக்கு அண்ணா, நான் என்ன செய்ய?" என்று. நியாயம்.

ஒன்று, பதிவின்போது வாங்கிய காசில் ஒன்றியத்துக்கும் சங்கங்களுக்கும் என்று எவ்வளவு சேர்கிறது, எங்கே போகிறது என்று கேளுங்கள். சண்டை பிடிக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பல்கலைக்கழகமும் அடங்கும். தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம், தமிழிலேயே எழுதலாம், ஏன் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எங்கள் காலத்தில் இந்தச் சட்டம் இல்லை. இருந்திருந்தாலும் நாங்கள் கேட்டிருப்போமா தெரியாது, முக்காலியில் இருந்து பழகிவிட்டோம்.

மற்றது, ஆறு இலட்சத்தில் மலருக்கு எவ்வளவு? மூன்றரை என்றீர்கள். ஐந்நூறு பிரதி எதற்கு? எங்கள் மலர் நூற்றைம்பது பிரதி நாலு வருடமாகச் சங்க அறையில் மேசைக்குக் கால் முட்டுக் கொடுத்தது. 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டில் மேல் மாகாணப் பாடசாலைகள் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்டன. அந்த நேரம் பல மலர்கள் பிடிஎப் ஆகின, வானம் இடிந்து விழவில்லை. ஆனால் விளம்பரம் தருகிறவருக்குத் தாள்தான் வேண்டும், கடையில் மேசைமேல் வைக்க. ஆகவே இருநூறு அடியுங்கள், அதில் விளம்பரதாரருக்கு உரியதை முதலில் ஒதுக்கி வையுங்கள்.

கம்பனி அனுசரணை பற்றி: போட்டி, செயலி, தொழில் முயற்சி என்று தலைப்பு வைத்தால் காசு தானாக வரும். கவியரங்கம் என்றால் வராது. எங்களுக்கு ஒரு ரியூசன் முதலாளி எழுபதாயிரம் தருகிறேன் என்றார், பிரதம விருந்தினர் நாற்காலி வேண்டும் என்று. கூட்டத்தில் மூன்று மணித்தியாலம் அடிபட்டு, ஒரு வாக்கு வித்தியாசத்தில் வேண்டாம் என்றோம். நான் வேண்டும் என்று வாக்களித்தவன். பொருளாளர் வேறு எப்படி வாக்களிப்பான்?

ஒன்றியத்திடம் போகத்தான் போகிறீர்கள் என்றால் காசு கேட்காதீர்கள். எந்த வரவு வந்தாலும் எந்த விதியில் பிரிப்பீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கடிதத்தைச் சிங்களத்திலும் கொடுங்கள், மஜ்லிஸையும் நாடகக் குழுவையும் சேர்த்துக் கையொப்பம் வாங்குங்கள். தனியாகப் போனால் தமிழ்ச் சங்கம் காசு கேட்கிறது என்று ஆகும்.

ஆகஸ்ட் 4

ஒருவர் இந்தியாவை ஏன் விட்டீர்கள் என்கிறார். அங்கே லிங்டோ குழு 2006இல் மாணவர் தேர்தலுக்கு ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று வரம்பு வைத்தது. அது தேர்தல் செலவு, இது சங்கச் செலவு. வேறு இழை திறவுங்கள், வந்து அடிபடுவோம்.

ஆகஸ்ட் 16, சனி

அம்மாவின் அலுமாரியில் மலர் ஒன்று கிடைத்தது. 2013 ஜனவரி. பூச்சி மருந்து வாசம். இன்று பின்னேரம் அதையும் கொண்டு வெள்ளவத்தைக்குப் போனேன். கேட்டவரையும் வரச்சொன்னேன், முதல் தரம் நேரில் பார்த்தோம். படத்தில் பார்த்ததைவிடச் சின்னப் பெடியன், கையில் புதுப் பற்றுச்சீட்டுப் புத்தகம், காபன் தாள் உறை கூடப் பிரிக்கவில்லை.

காசு மேசையில் மகன். முதலாளி உள்ளே விசிறிக்குக் கீழே சாய்மனைக் கதிரையில். என்னைத் தெரியவில்லை. பெரியம்மாவின் கணவர் பெயரைச் சொன்னதும் தெரிந்தது. மலரை நீட்டி, "ஐயா, 2012 புத்தகம்" என்றேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். துணைவேந்தரின் வாழ்த்துச் செய்தி, பெரும் பொருளாளரின் செய்தி, எங்கள் குழுப் படம், எல்லாவற்றையும் தாண்டி நாற்பத்தேழாம் பக்கத்தில் நின்றார். தீபாவளி நல்வாழ்த்துக்கள்.

விரலை வைத்து மெதுவாக வாசித்தார். பிறகு மகனைக் கூப்பிட்டார். "இஞ்ச பார், இது எங்கட நம்பரோ?"

மகன் பார்த்தார். "இல்லையப்பா. கடைசி ரெண்டு இலக்கமும் மாறிக் கிடக்கு."

முதலாளி என்னைப் பார்த்தார். கணக்காய்வாளன் என்று அவருக்குச் சொல்லாமல் விட்டது நல்லது.

தேத்தண்ணி வந்தது. பெடியனிடம் எந்த ஊர் என்றார். மன்னார் என்றான். மன்னாரில் எங்கே, தகப்பன் ஆர் என்று போய், ஒரு சொந்தமும் பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம்தான். "இப்ப அரைப்பக்கம் எவ்வளவு?" என்றார். இருபதாயிரம். "எப்ப புத்தகம்?" பொங்கலுக்கு.

"அப்ப பொங்கல் வாழ்த்து எண்டு போடு" என்றுவிட்டு மகனைப் பார்த்துத் தலையசைத்தார். மகன் எண்ணிக் கொடுத்தார், இரண்டு தரம். பெடியன் காபன் தாளைத் தலைகீழாக வைத்து எழுதி, கிழித்து, திருப்பி வைத்து மறுபடி எழுதினான். இலக்கம் 002 ஆகிவிட்டது. 001ஐக் கிழித்து எறியப் போனவனின் கையைப் பிடித்து, குறுக்கே கோடு இழுத்து "இரத்து" என்று எழுதிப் புத்தகத்திலேயே ஒட்டச் சொன்னேன்.

போன் நம்பரை முதலாளியே சொன்னார். பெடியன் எழுதி வாசித்துக் காட்டினான். இன்னொரு தரம் வாசி என்றார்.